குட்டை மீனில் ஏரோமோனாஸ் கிருமி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, சாப்பிடலாமா?

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
சனி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகு, கொஞ்சம் மலைவாழை வைத்திருக்கிறேன். கோடைக்குத் தண்ணீர் பிடித்து வைக்க மூன்று வருடத்துக்கு முன்பு தார்ப்பாய் விரித்து ஒரு பண்ணைக்குட்டை வெட்டினேன். தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது என்று கட்லா, ரோகு, சாதாக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி.

மார்கழி கடைசியில் நாலைந்து மீன்களுக்கு வயிற்றோரம் சிவந்து புண் வந்தது. செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றன. ஒரு மீனை ஐஸ் போட்டு, மதுரைக்குப் போன மச்சினனிடம் கொடுத்து ஓர் ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னேன். இன்றைக்கு ரிப்போர்ட் வந்தது. ‘ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா கண்டறியப்பட்டது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பொங்கலுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் பதினைந்து கிலோ விற்றுவிட்டேன். வீட்டிலும் இரண்டு தடவை குழம்பு வைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்காரி போனில் அந்தப் பேரைத் தேடிப் பார்த்து, ‘சதையைத் தின்னும் கிருமியாம்’ என்று சட்டியையே தூக்கிப் போட்டுவிட்டாள். மிச்சம் உள்ள மீனை என்ன செய்வது? வாங்கினவர்களிடம் என்ன சொல்வது?

சவ்சவ்பந்தல் (பண்ணைக்காடு)
சனி, இரவு 9:50

அண்ணே, யோசிக்கவே வேண்டாம். குட்டையை வடித்துவிட்டு அத்தனை மீனையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். இல்லையென்றால் குட்டைத் தண்ணீரில் ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டுங்கள். கால்நடை மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் பொடியும் கிடைக்கும், தவிட்டில் கலந்து ஒரு வாரம் போடுங்கள். என் மாமா கோழிக்கு அப்படித்தான் போடுவார்.

பழையவலை (ஊட்டி)
ஞாயிறு, காலை 6:35

மிளகுக்கொடி தம்பி, முதலில் ஒரு டீ குடியுங்கள். நான் மீன்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேரைப் பார்த்துப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏரோமோனாஸ் உங்கள் குட்டைக்கு வெளியிலிருந்து வந்த திருடன் இல்லை. ஏரி, ஓடை, கிணறு என்று எல்லா நன்னீரிலும் இருக்கும். நல்ல ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கும். உயிருள்ள மீனின் தோலில் ஒரு சதுர செண்டிமீட்டரில் 100 முதல் 1 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். குடலில் ஒரு கிராமுக்கு 100 கோடி வரை போகும். ஆனால் நோயில்லாத மீனின் சதையில் கிருமி இருக்காது. நாம் அறுக்கும்போதுதான் தோலிலும் குடலிலும் உள்ளது சதைக்கு வந்து சேர்கிறது. ஆகவே எந்த நன்னீர் மீனைக் கொடுத்தாலும் ஆய்வகம் இப்படி ஏதாவது ஒரு பேரை எழுதித் தரத்தான் செய்யும்.

இன்னொன்று. புண்ணுக்கு ஏரோமோனாஸ்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1988-லிருந்து நம் நாட்டில் இருக்கிற மீன் புண் நோய்க்கு மூலகாரணம் அபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்கிற நீர்ப்பூஞ்சை மாதிரியான உயிர். தண்ணீர் குளிரும் மாதங்களில்தான் அது தலைகாட்டும். அது தோலைத் திறந்து வைத்தபின் ஏரோமோனாஸ் உள்ளே புகுந்துகொள்ளும். சாதாரண பாக்டீரியா வளர்ப்புச் சோதனையில் கடைசியாக நுழைந்தவன் பேர்தான் வரும்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். புண் வந்த மீன், வயிறு ஊதிய மீன், தண்ணீர் மேல் சுற்றிச் சுற்றி வரும் மீன், இவற்றை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். குட்டைக்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மற்ற மீனை நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். விற்பனையைப் புண் நிற்கும் வரைக்கும் நிறுத்துங்கள். வாங்கினவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைத்திருந்தால் நன்றாக வேக வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சவ்சவ்பந்தல் தம்பிக்கு: தார்ப்பாய் குட்டையில் மண் கிடையாது, சுண்ணாம்பின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஒரேயடியாகச் சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச், அதாவது காரத்தன்மை எகிறி, தண்ணீரில் இருக்கிற அம்மோனியா விஷமாகிவிடும். மறுநாள் காலையில் மீன் எல்லாம் மல்லாந்து கிடக்கும். டெட்ராசைக்ளின் யோசனை அதைவிட மோசம். அந்த வகை மருந்தான ஆக்ஸிடெட்ராசைக்ளின் மீன் சதையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. தவிட்டில் கைக்கணக்காகக் கலந்து போடுகிறவர் அதை எப்படி அளப்பார்? குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் வகை மருந்துகள் முழுத் தடை. கடைக்காரர் கொடுக்கிறார் என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

குன்னூர்ப்பனி
ஞாயிறு, காலை 8:04

ஒரு சந்தேகம். மலைத் தண்ணீர் குளிர்ச்சி. குளிரில் கிருமி வளராது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் 1907-லிருந்து ட்ரவுட் மீன் பண்ணை இருக்கிறது. அங்கே இந்த மாதிரிப் பேச்சு வந்ததில்லையே.

பழையவலை (ஊட்டி)
ஞாயிறு, காலை 8:40

வராமல் இருக்குமா! ட்ரவுட்டுக்கு என்றே குளிர்நீர் நோய் என்று ஒன்று உண்டு. அந்தக் கிருமியின் பேரே ஃபிளாவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம், அதாவது குளிரை விரும்புவது. குளிர் கிருமியை மெதுவாக்கும், கொல்லாது. அதே நேரம் கெண்டை குளிர்ரத்தப் பிராணி, தண்ணீர் குளிர்ந்தால் அதன் எதிர்ப்புச் சக்தியும் தூங்கிவிடும். தை, மாசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் கிருமி முதலில் விழித்துக்கொள்கிறது, மீன் பிறகுதான். அந்த இடைவெளியில் புண் வருவது உண்டு.

ஃப்ரிட்ஜுக்கும் இதே கதைதான். ஏரோமோனாஸில் சில வகைகள் 4 டிகிரியிலேயே பெருகும். லிஸ்டீரியா என்கிற உணவுக் கிருமியும் அப்படி. ஃப்ரீசரில் –18 டிகிரி வைத்தால் பெருகாது, ஆனால் செத்தும் போகாது. வெளியே எடுத்து இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சாதாக் கெண்டையே ஊட்டிக்கு 1939-ல் இலங்கையிலிருந்து வந்ததுதான். அது நம் குளிருக்குப் பழகிவிட்டது. கட்லாவும் ரோகுவும் சமவெளி மீன்கள், மலையில் கஷ்டப்பட்டுத்தான் வளரும். கஷ்டப்படுகிற மீனுக்குத்தான் நோய் முதலில் வரும்.

அடுப்படி (கோத்தகிரி)
ஞாயிறு, பகல் 11:20

நான் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் பார்க்கிறேன். மீன் பண்ணை பற்றி எனக்குத் தெரியாது. அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லோரும் ‘மஞ்சள், உப்பு போட்டு அலசினால் போதும்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சளும் கல்லுப்பும் வழுவழுப்பையும் கவிச்சியையும் எடுக்கும், கிருமிக்கு அடுப்புதான் வழி. மீனின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாகி, விரலால் தள்ளினால் முள்ளைவிட்டுக் கழன்று வர வேண்டும்.

குழம்பில் இந்தத் தொந்தரவே கிடையாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பருப்பு வேக நேரமாகும், அது நிஜம். மீனில் இருக்கிற கிருமிக்கு அந்தச் சூடே தாராளம்.

வினை எங்கே என்றால், கேம்ப் ஃபயர். விருந்தாளிகள் முழு மீனைச் சுடச் சொல்வார்கள். வெளியே கரிந்துவிடும், முதுகு முள் பக்கம் பச்சையாக ரத்தம் நிற்கும். அவசரம் வேறு, பாட்டு வேறு. நான் இப்போது இரண்டு பக்கமும் முள் வரைக்கும் ஆழமாகக் கீறித்தான் மசாலா தடவுகிறேன். மசாலா தடவின தட்டிலேயே சுட்ட மீனைத் திருப்பி வைப்பதை நிறுத்த எனக்கு ஒரு வருடம் ஆனது. பையன்கள் கேட்கவே மாட்டார்கள். கடைசியில் பச்சை மீனுக்கு மட்டும் நீலத் தட்டு வாங்கிப் போட்டேன்.

மீனை ஆய்ந்த அரிவாள்மனையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதும் அப்படித்தான். மீன் வெந்துவிடும், வெள்ளரிக்காய் வேகாதே.

குன்னூர்ப்பனி
ஞாயிறு, பகல் 12:02

அக்கா, நேற்றுக் குழம்புதானே ருசி. அதற்கும் தடையா?

அடுப்படி (கோத்தகிரி)
ஞாயிறு, பகல் 12:15

தடை இல்லை. புளி நன்றாக இருந்தால் கிருமி சீக்கிரம் பெருகாது, அதனால்தான் நம் பாட்டிமார் சட்டியில் வைத்து ஓட்டினார்கள். ஆனால் இரவில் கொதிக்க வைத்து மூடுங்கள், காலையில் திறந்ததும் திரும்பக் கொதிக்க வையுங்கள். லேசாகச் சூடு காட்டுவது வேலைக்காகாது. நடுவில் கரண்டி விட்டு ருசி பார்க்கிறவர்களை அடியுங்கள்.

ஐஸ்பெட்டி (வத்தலக்குண்டு)
ஞாயிறு, மாலை 5:30

நான் மீன் விற்கிறவன். பெரும்பாறை வழியாக மேலே பைக்கில் மீன் கொண்டுபோகிற பையன்கள் என்னிடம்தான் எடுப்பார்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அவர்கள் பெட்டியில் மேலாக ஒரு பிடி தூவிக்கொண்டு போவார்கள். ஐஸ் உருகின தண்ணீரிலேயே மீன் ஊறிக்கொண்டிருக்கும், வழியில் அதே தண்ணீரை மேலே தெளித்துப் பளபளப்பாக்குவார்கள். குட்டை மீனைக் குறை சொல்கிறவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

குட்டை மீனில் ஒரு சௌகரியம் உண்டு: பிடித்த ஒரு மணி நேரத்தில் சட்டிக்கு வந்துவிடும். பிடிப்பதற்கு முந்தின நாள் தீனியை நிறுத்திவிடுங்கள். குடல் காலியாக இருந்தால் ஆயும்போது அசிங்கமும் குறைவு, கிருமியும் குறைவு. அப்புறம் அந்தப் பித்தப்பையை உடைக்காமல் எடுங்கள், அது கிருமிக்காக இல்லை, கசப்புக்காக.

கோடைமேகம்
ஞாயிறு, இரவு 7:18

கொடைக்கானல் ஏரி மீனில் பாதரசம் என்கிறார்களே, அதையும் பேசலாமே?

ஒருங்கிணைப்பாளர்
ஞாயிறு, இரவு 7:41

பாதரசம் கொதித்தாலும் போகாத வேறு விஷயம். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். இங்கே கிருமி மட்டும்.

நுண்ணோக்கி
திங்கள், காலை 7:05

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. இரண்டு விஷயங்களை யாரும் தொடவில்லை.

ஒன்று, வாயைவிடக் கைதான் ஆபத்தான வழி. வெந்த மீன் வழியாக ஏரோமோனாஸ் வருவது அபூர்வம். அப்படி வந்தாலும் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு முடியும். ஆனால் துடுப்பு முள் குத்தி, அந்தப் புண்ணில் குட்டைத் தண்ணீர் பட்டால், சர்க்கரை நோயாளிக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஒன்றிரண்டு நாளில் கை வீங்கி விபரீதமாகலாம். உங்கள் வீட்டம்மா படித்த ‘சதை தின்னும்’ சமாசாரம் இந்த வழிக்குத்தான் பொருந்தும். கனடாவின் டொராண்டோவில் 1995-96 குளிர்காலத்தில் இப்படி ஒரு கூட்டம் நோயாளிகள் வந்தார்கள். திலேப்பியா மாதிரி முழு மீனை வீட்டில் சுத்தம் செய்தபோது கையில் காயம் பட்டவர்கள். அங்கே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்கிற கிருமி. மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்று இன்னொன்று இருக்கிறது, அது வாரக்கணக்கில் கழித்துக் கையில் கட்டியாக எழும். அதற்குள் குத்தினதே மறந்துபோயிருக்கும்.

ஆகவே முள் குத்தினால் ஓடுகிற சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் டாக்டரிடம் போய் ‘குட்டை மீன் முள் குத்தியது’ என்று நீங்களாகச் சொல்லுங்கள். ஏரோமோனாஸுக்கு ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் பொதுவாகக் கேட்காது. எங்கள் ஆய்வகங்களில் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க, வளர்க்கிற ஊடகத்திலேயே ஆம்பிசிலினைக் கலப்பார்கள். மற்றவை சாகும், இது நிற்கும். வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

பச்சையாகச் சாப்பிடுவது நம் ஊரில் இல்லை, நல்லது. சிங்கப்பூரில் 2015-ல் பச்சை நன்னீர் மீன் போட்ட உணவிலிருந்து பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறுவதையே தடை செய்துவிட்டார்கள்.

இரண்டாவது, மிளகுக்கொடி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு இரண்டாவது பக்கம் இருக்கிறதா? சால்மொனெல்லா, ஈ.கோலை என்கிற குடல் கிருமிகளையும் பார்த்திருப்பார்களே. எனக்கு அதுதான் வேண்டும்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
திங்கள், இரவு 8:22

இருக்கிறது, நான் புரட்டவே இல்லை. சால்மொனெல்லா 25 கிராமில் ‘இல்லை’. ஈ.கோலை ‘உள்ளது’. மச்சினன் ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீரும் கொடுத்திருக்கிறான். அதிலும் மலக் கோலிஃபார்ம் ‘உள்ளது’. இந்த வரியெல்லாம் சின்ன எழுத்தில் இருந்ததால் பெரிய விஷயம் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நுண்ணோக்கி
திங்கள், இரவு 8:50

எழுத்து சின்னது, செய்தி பெரியது. ஏரோமோனாஸ் தண்ணீருக்குச் சொந்தக்காரன். ஈ.கோலை அப்படி இல்லை, மீனுக்கும் இயல்பாகச் சொந்தமில்லை. வெப்பரத்தப் பிராணியின் சாணமோ எச்சமோ மலமோ எங்கிருந்தோ உங்கள் குட்டைக்குள் வருகிறது. இன்றைக்குச் சால்மொனெல்லா இல்லை, வழி திறந்திருந்தால் நாளைக்கு வரலாம். குட்டைக்கு மேற்புறம் என்ன இருக்கிறது? மாட்டுக்கொட்டகை? கக்கூஸ் குழி?

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
திங்கள், இரவு 9:15

கொட்டகை கீழே இருக்கிறது. மேலே பக்கத்துத் தோட்டம். ஐப்பசியில் கீழ்நாட்டிலிருந்து லாரியில் கோழி எரு வந்து, பாதையோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீரைக் குட்டைக்குத் திருப்ப நான் வெட்டின வாய்க்கால் அந்தக் குவியலை ஒட்டித்தான் வருகிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

சவ்சவ்பந்தல் (பண்ணைக்காடு)
திங்கள், இரவு 9:31

எல்லோரும்தான் கோழி எரு போடுகிறோம். அதைக் குற்றம் சொன்னால் மலையில் ஒரு பீன்ஸ் விளையாது. குட்டைக்கு மேலேயே கோழிக்கூண்டு கட்டி மீன் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததே அரசாங்கம்தானே?

பழையவலை (ஊட்டி)
செவ்வாய், காலை 6:20

சொல்லிக் கொடுத்தோம், மறுக்கவில்லை. எச்சம் விழுந்தால் பாசி வளரும், பாசியை மீன் தின்னும், தீனிச் செலவு மிச்சம். கணக்கு சரி. கிருமிக் கணக்கு அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டால், எருவை நன்றாக மக்க வைத்துப் போடுங்கள், அறுவடைக்குப் பல வாரம் முன்பே நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். கோழி எருவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. பச்சையாகக் குவித்து, மழையில் நனையவிட்டு, ஓடையில் கலக்கவிடுவதைத்தான் சொல்கிறோம். ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் ஊர்ச் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்த்த மாதிரி, நீங்களும் வாய்க்கால் வெட்டி அழைத்து வந்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும் மிளகுக்கொடி. அந்தத் தண்ணீரை வேறு எதற்குப் பாய்ச்சுகிறீர்கள்?

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
செவ்வாய், காலை 7:48

காபிக்கு ஸ்பிரிங்ளர். வீட்டுப் பின்னால் புதினா, கொத்தமல்லிக்குப் பூவாளி.

அடுப்படி (கோத்தகிரி)
செவ்வாய், காலை 8:10

ஐயோ. மீன் சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதினாச் சட்னி அரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா!

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
அடுத்த ஞாயிறு, இரவு 9:05

ஒரு வாரமாக இங்கே வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமையே வாய்க்காலை மண் போட்டு அடைத்தேன். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். முதலில் முகத்தைத் தூக்கினார். அவரும் என்னிடம் இரண்டு கிலோ மீன் வாங்கினவர் என்பதால் அப்புறம் இறங்கிவந்தார். குவியலை மேட்டின் மறுபக்கம் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. புதினாவுக்குக் குழாய்த் தண்ணீர்.

புதனன்று புண் மீனைப் பிரிக்க வலை இழுத்தோம். அப்பா சொன்னால் கேட்காமல் இறங்கிவிட்டார். எழுபது வயது, சர்க்கரை வேறு. சாதாக் கெண்டையின் முதுகு முள் பெருவிரல் அடியில் குத்திவிட்டது. ‘இதெல்லாம் ஒரு காயமா’ என்று காபித்தூளை அப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மாலை மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம், களிம்பு எழுதிக்கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நுண்ணோக்கி எழுதினது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரியே வண்டி பிடித்துக் கீழே இறங்கினோம். அங்கே டாக்டரிடம் குட்டை, மீன் முள், ஆய்வக ரிப்போர்ட் என்று மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு உடனே அட்மிட் செய்தார். புண்ணிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அதற்கேற்ற ஊசி போட்டார்கள். இன்றைக்கு வீக்கம் பாதி வடிந்துவிட்டது. நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

நுண்ணோக்கி
அடுத்த ஞாயிறு, இரவு 9:20

நல்ல வேளை. ஊசி முடிந்து மாத்திரை கொடுத்தால் நடுவில் நிறுத்த விடாதீர்கள். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் சின்னக் கட்டி மாதிரி வந்தால் அலட்சியம் வேண்டாம், நான் சொன்ன அந்த இன்னொரு கிருமியை நினைவில் வையுங்கள்.

ஐஸ்பெட்டி (வத்தலக்குண்டு)
அடுத்த ஞாயிறு, இரவு 9:34

எங்கள் கடைப் பையனுக்கு நானும் கனமான ரப்பர் கையுறை வாங்கிவிட்டேன். மீன் வழுக்குகிறது என்று இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டே போடுகிறான். அப்பாவுக்கும் ஒரு ஜோடி எடுத்து வைக்கிறேன், கீழே வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)
அடுத்த ஞாயிறு, இரவு 9:52

எடுத்து வையுங்கள் அண்ணே. போடுவாரா என்பது வேறு. கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, மிச்ச மீனை என்ன செய்தாய் என்றுதான் காலையில் கேட்டார். புதைத்தது பதினொன்று, மற்றது குட்டையில் இருக்கிறது, புதிதாக யாருக்கும் புண் இல்லை என்றேன். ‘அப்ப வந்ததும் ஒரு குழம்பு வை’ என்கிறார். வீட்டுக்காரி புதுச் சட்டி வாங்கிவிட்டாள்.